டிஜோவுக்குக் கொடுத்த சிபாரிசை ரத்து செய்வது குறித்து

ரிஜின், சட்டமன்ற உறுப்பினர்
தொகுதி அலுவலகம், மூணாறு ரோடு
வெள்ளிக்கிழமை

இயேசு மரி சூசை துணை

பொருள்: தங்கள் மகள் பின்சியின் கல்யாண விஷயமாக இந்த அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை ரத்து செய்வது.

பார்வை: ஒன்று, மேற்படி கடிதம். இரண்டு, அதற்கு நன்றி சொல்லித் தாங்கள் நேற்றுக் காலை செய்த போன்.

பெருமதிப்பிற்குரிய சுவக்கீன் மாமா அவர்களுக்கு, தங்களுக்குத் தூரத்துத் தங்கை முறையான செபமாலையம்மாளின் மகனும், தங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருமான ரிஜின் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் மாதாவின் கிருபையால் நல்ல சுகம். அங்கு சின்னக்கானலில் தங்கள் முழங்கால் வலி, ஏலச்செடியில் விழுந்த நோய், வேலியோரம் வந்து போகும் யானை ஆகிய மூன்றும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அடங்காவிட்டால் மூன்றாவதைப் பற்றி வனத்துறைக்கு ஒரு கடிதம் போடலாம். முதல் இரண்டுக்கும்கூடப் போடலாம், யாருக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை பத்து மணிக்கு நான் ஒரு பஸ் வெயிட்டிங் ஷெட்டைத் திறந்துவைக்க, ரிப்பனுக்கு முன்னால் கத்திரியோடு நிற்கும்போது தங்கள் போன் வந்தது. "தம்பி, உம்ம கடுதாசி கெடச்சுது. கண்ணாடி போட்டு ரெண்டு தடவ வாசிச்சேன். எம்புட்டுப் பெரிய உபகாரம்" என்றீர்கள். எந்தக் கடிதம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பன்னிரண்டு வருட அரசியலில், நன்றி சொல்கிறவரிடம் எதற்கு என்று திருப்பிக் கேட்கக் கூடாது என்பதை நான் முதல் மாதமே கற்றுக்கொண்டவன். கேட்டால், செய்யாததை நாம் செய்ததாக அவர் நினைத்துக்கொண்டிருப்பது வீணாகிவிடும். ஆகவே வழக்கம்போல, "உங்களுக்குச் செய்யாம வேற யாருக்கு மாமா செய்யப் போறேன்" என்றேன். தாங்கள் அழுதீர்கள். நானும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். "டிஜோ வீட்டுக்குச் சம்மதம்னு சொல்லிட்டேன் தம்பி. நீரே எழுதிக் குடுத்தப்புறம் நான் என்னத்த யோசிக்க. வர்ற ஞாயித்துக்கெழம பூசையில மொத கல்யாண ஓலை வாசிக்காங்க. நீரு வந்து முன்னால நிக்கணும்" என்றீர்கள். "நிச்சயமா வர்றேன் மாமா" என்று சொல்லிவிட்டு ரிப்பனை வெட்டினேன். கைதட்டல் அடங்கிய பிறகுதான், ஞாயிற்றுக்கிழமை சாமியார் டிஜோ பெயரோடு சேர்த்து வாசிக்கப் போகிற பெண் பெயர் யாருடையது என்பது என் மண்டையில் ஏறியது. உடனே மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஷெட் கட்டிய விவரம் சொல்ல வேண்டிய இடத்தில், பல வருடம் நம்பிக் காத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். கூட்டத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேச்சு நன்றாகவே அமைந்தது என்று பிறகு பலரும் சொன்னார்கள்.

அலுவலகத்துக்கு வந்ததும் என் பி.ஏ. ஜிபியிடம் நகல் கோப்பை எடுக்கச் சொன்னேன். அந்தக் கடிதம் இரண்டு கடிதங்களுக்கு நடுவில் இருந்தது. முந்தையது ஒரு டிரான்ஸ்பார்மருக்கு, பிந்தையது ஒரு கிணற்று மோட்டாருக்கு. வாசகம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "உடும்பஞ்சோலை திரு. டிஜோ என்பவரை நான் நேரில் நன்கு அறிவேன். நற்குணமும் சமூகப் பொறுப்பும் உள்ளவர். தங்கள் மகள் பின்சியின் கல்யாண விஷயத்தில் இவருடைய கோரிக்கையை அனுதாபத்துடன் பரிசீலித்து, மேலும் காலதாமதம் செய்யாமல், முன்னுரிமை அடிப்படையில் அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கீழே என் கையெழுத்து. அதன் மேல் ரப்பர் ஸ்டாம்பு, அதுவும் நேராக விழுந்திருக்கிறது. ஸ்டாம்பு நேராக விழுவது எங்கள் அலுவலகத்தில் அபூர்வம்.

"இத யாருலே எழுதினது" என்று கேட்டேன். ஜிபிக்கு ஒன்றும் பதற்றமில்லை. "ஞான்தான் சாரே. நல்லா ஒரு லெட்டர் குடுன்னு சாரு தானே பறஞ்சது. முன்னுரிமைன்னு நானாத்தான் சேர்த்தேன். நம்ம பின்சி டீச்சராச்சே" என்றான். அவன் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கிற ஒரு வெளிச்சம் இருந்தது. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, காரணமும் கிடைக்கவில்லை.

எப்படி நடந்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். இங்கே சனிக்கிழமை தோறும் பொதுமக்கள் நாள். ஒன்பது மணிக்கு டோக்கன் கொடுப்பார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் நிவேதனத்தோடு, அதாவது மனுவோடு, என் முன்னால் வந்து உட்காருவார்கள். நான் கேட்பேன். பக்கத்தில் ஜிபி பெரிய பதிவேட்டில் நான்கு கட்டங்களில் எழுதுவான். மனு கொடுத்தவர், விஷயம், யாருக்கு எழுத வேண்டும், நடவடிக்கை. நான்காவது கட்டத்தில் எப்போதும் சிபாரிசு என்ற ஒரே வார்த்தைதான் வரும். அன்று மாலையே அவன் கடிதங்களை அடித்து வைப்பான், திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடுவேன். நிமிடத்துக்குப் பதினெட்டு கையெழுத்து. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் அதற்காகச் சொல்லவில்லை. இந்த அலுவலகத்திலிருந்து இன்றுவரை எதையும் வேண்டாம் என்று ஒரு கடிதமும் போனதில்லை. வேண்டாம் என்பதற்கான வாசகமே எங்கள் கம்ப்யூட்டரில் கிடையாது. எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே தண்ணீர்க் குழாயை என் வாசலுக்கு, உன் வாசலுக்கு என்று கேட்டு வந்தபோதும் இரண்டு பேருக்கும் முழுமனதோடு சிபாரிசு செய்தேன். குழாய் இன்னும் வரவில்லை, ஆனால் இரண்டு வீட்டு ஓட்டும் எனக்குத்தான்.

மூன்று வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, டோக்கன் இருபத்தாறு பின்சி. அவளை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். "வா பின்சி, உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்து, "வணக்கம் சார்" என்றாள். பாவாடை கட்டிய நாளிலிருந்து அத்தான் என்று கூப்பிடுகிறவள் சார் என்றால் மனுஷனுக்கு உறைக்க வேண்டும். அந்த நேரம் போன் வழியாக என் காதில் மின்வாரிய இன்ஜினியர் இருந்தார். மேற்படி டிரான்ஸ்பார்மர் விஷயம். பின்சி சொன்னாள், "வீட்டுல ஒரு சம்பந்தம் பேசுதாங்க சார். உடும்பஞ்சோலை. பேரு டிஜோ. ஏலக்காய்க் கம்பெனில வேலையாம். அப்பா இன்னும் ஒன்னும் முடிவா சொல்லல. அதுக்குள்ள நீங்க அப்பாகிட்ட பேசணும் சார்." நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்ஜினியருக்கா பின்சிக்கா என்று இப்போது யோசித்தாலும் எனக்குத் தெளிவில்லை. "உரிய நடவடிக்கை எடுத்துரலாம்" என்று அவளிடம் சொன்னேன். "ஜிபி, நல்லா ஒரு லெட்டர் குடு" என்று அவனிடம் சொன்னேன். பின்சி டோக்கனை மேஜையில் வைத்தாள். "அவ்வளவுதானா சார்" என்று கேட்டாள். "அவ்வளவுதான். மாசக் கடைசிக்குள்ள முடிஞ்சிரும்" என்று உறுதி கொடுத்தேன். சொன்னபடி முடிந்தும்விட்டது. தொகுதியில் நான் கொடுத்த வாக்குறுதிகளில் சொன்ன தேதிக்கு முன்பே நிறைவேறியது இது ஒன்றுதான்.

ஜிபியைக் குறை சொல்வதற்கில்லை. அவனுடைய பதிவேட்டில் மனு கொடுத்தவர் பின்சி, விஷயம் டிஜோவுடன் கல்யாணம், எழுத வேண்டியது சுவக்கீன் அவர்களுக்கு. நான்காவது கட்டத்தில் என்ன எழுதுவான்? தங்களையும் குறை சொல்வதற்கில்லை. முப்பத்தெட்டு வருடம் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து, துண்டுச்சீட்டு இல்லாமல் ஸ்டோரிலிருந்து ஒரு கவாத்துக் கத்தியைக்கூட வெளியே விடாத தங்களுக்கு, லெட்டர்பேடில் முத்திரையோடு வந்த கடிதம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதைத் தாங்கள் சட்டம் போட்டு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டியிருப்பதாகவும் அறிகிறேன். அம்மாதான் சொன்னார். "உங்க மாமா அதுக்கு மாலை போடல, அது ஒன்னுதான் கொறச்சல்" என்றார். "நீங்களாவது என்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்று கேட்டேன். "எல, நீயே எழுதிக் குடுத்துட்ட. எம்.எல்.ஏ. எழுதினத எதுத்துச் சொல்ல நான் என்ன எதிர்க்கட்சியா" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு அங்கிருந்தே, "போன வருசம் மட்டும் நானூத்திப் பன்னெண்டு கல்யாணத்துல போயி நின்னிருக்க. ஒன்னுலயாவது மாப்பிள எங்கன நிப்பான்னு பாத்துக்கிட்டியா" என்றார். அவருக்கு என் மேல் கோபம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இது பொதுமக்களின் நியாயமான ஆதங்கம்.

இனி டிஜோ. மேற்படி டிஜோவைப் பற்றி நான் தவறாக ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று நேற்று மாலை நான்கு பேரிடம் விசாரித்தேன். கிடைக்கவில்லை. குடி கிடையாது. கோயில் கொயரில் பாடுகிறார். போன தேர்தலில் நம்முடைய பூத்தில் கடைசி ஓட்டு விழும்வரை உட்கார்ந்திருந்தவரும் அவர்தானாம். இவ்வளவு நல்ல மனிதரை நான் நேரில் பார்த்ததே இல்லை, அதாவது உண்மையிலேயே பார்த்ததில்லை. நேரில் நன்கு அறிவேன் என்று இதுவரை சுமார் ஆறாயிரம் பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரி என்னைத் திருப்பிக் கடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே டிஜோவைப் பற்றிய வாசகத்தில் நற்குணம், சமூகப் பொறுப்பு ஆகிய இரண்டும் அப்படியே செல்லும். முன்னுரிமை மட்டும் ரத்து. அவருக்கு வேறு எந்தத் துறையில் என்ன வேண்டுமானாலும் நான் எழுதிக் கொடுக்கத் தயார்.

அவருக்குப் பதிலாகப் பரிசீலிக்க வேண்டிய நபரைப் பற்றித் தங்களுக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது. ரிஜின், வயது முப்பத்தைந்து, வெள்ளிமேடு எஸ்டேட் கீழ் டிவிஷன் ஏழாம் நம்பர் லயத்தில் பிறந்தவர். இவரை நான் உண்மையிலேயே நேரில் அறிவேன். இருபத்து மூன்று வயதில் பஞ்சாயத்து மெம்பர். இருபத்தெட்டில் பிளாக் பஞ்சாயத்து. போன சட்டசபைத் தேர்தலில் முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. மறு எண்ணிக்கையில் அது முந்நூற்றுப் பதினாலாக உயர்ந்தது. இதுவரை பதினோரு ஹைமாஸ்ட் விளக்கு, ஆறு வெயிட்டிங் ஷெட், அதில் நான்கு பஸ் வருகிற ரோட்டிலேயே. பள்ளத்து முக்கில் வைத்த விளக்கின் கீழ் யானைகள் வந்து நிற்கின்றன என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டுகிறது. முன்பு இருட்டில் நின்றன, இப்போது எங்கே நிற்கின்றன என்று தெரிகிறது. இதைச் சட்டசபையிலும் பதிவு செய்திருக்கிறார். எஸ்டேட் லயங்களின் கூரைக்காகப் பதினான்கு முறை எழுந்து பேசியிருக்கிறார், மூன்று முறை வெளிநடப்பு. அதில் ஒரு முறை வெளியே வந்த பிறகுதான் அன்று வெளிநடப்பு தீர்மானிக்கப்படவில்லை என்று தெரிந்தது, ஆனாலும் திரும்பி உள்ளே போகவில்லை. அப்படிப்பட்ட உறுதி உள்ளவர்.

சொந்த வாழ்க்கை பற்றியும் சொல்ல வேண்டும், சம்பந்தம் என்றால் அதைத்தானே பார்ப்பார்கள். மேற்படி ரிஜினுக்குச் சொந்த வாழ்க்கை சுருக்கமானது. காலையில் இரண்டு அடக்கம், மதியம் மூன்று கல்யாணம், மாலை ஒரு புது வீடு. ஜீப் நிற்பதற்கு முன் ஜிபி காதில் எது என்று சொல்லிவிடுவான், அதற்கேற்ப முகத்தை வைத்துக்கொண்டு இறங்குவார். இவருக்கு என்று இதுவரை இருக்கிற சொந்த விஷயம் பின்சி ஒன்றுதான். முதல் பஞ்சாயத்துத் தேர்தலில் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தது அவள். டீச்சர் வேலை கிடைத்த பிறகும், சட்டசபையில் முதன்முதலாகப் பேச வேண்டியதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்தது அவள். ஓட்டு எண்ணுகிற அன்று எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதைப் பார்த்தது அவள். எங்களுக்குள் எல்லாம் எப்போதோ பேசி முடித்தாகிவிட்டது என்ற எண்ணத்தில்தான் நான் இருந்தேன். பஞ்சாயத்துத் தேர்தல் முடியட்டும் என்றேன், சரி என்றாள். பிறகு அசெம்பிளி முடியட்டும் என்றேன். பிறகு பட்ஜெட் கூட்டம். அதற்குப் பிறகு இரண்டு இடைத்தேர்தல், அவை என் தொகுதியிலேயே இல்லை. எதற்கும் அவள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. ஆட்சேபம் இல்லாத தீர்மானம் நிறைவேறியதாகக் கருதப்படும் என்பது சபை விதி. அந்த விதியை நம்பி இருந்துவிட்டேன். நேற்று ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நின்றபோது எனக்கு வந்த பயம், மறு எண்ணிக்கையின் நடுவில் வித்தியாசம் முந்நூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கிய அந்த ஒரு மணி நேரத்திலும் வரவில்லை. அதையும் தங்களிடம் மறைக்கவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் அனுபவம் உள்ள ஒருவரைக் கலந்துகொண்டேன். திருவனந்தபுரத்தில் எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்து அறைக்காரர் குப்பண்ணன், பாலக்காட்டுக் கிழக்கே தென்னந்தோப்புக்காரர், மூன்று முறை ஜெயித்தவர். போனில் விஷயத்தைச் சொன்னேன். "ஏனுங்க தம்பி, இதுக்குப் போயி மலைக்கறீங்க. எல்லாத்தையும் எழுத்துல போட்டுப்போடுங்க. வாயில சொன்னதை நாளைக்கு இல்லைன்னுருவாங்க. எங்கூட்டுல கமலாத்தாளுக்கு நானு எதுன்னாலும் சீட்டுத்தானுங்க எழுதி வெப்பேன். முப்பது வருசமா ஒரு சண்டை கெடையாது" என்றார். பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "முப்பது வருசமா ஒரு சீட்டும் நான் படிச்சதில்லைன்னு சொல்லுங்க" என்றது. குப்பண்ணன் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதில் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதனால்தான் ஜிபியை வெளியே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, என் கைப்பட ஆறு பக்கம் எழுதுகிறேன்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சட்டம் போட்டு மாட்டிய கடிதத்தை இறக்கிவிடுங்கள். சட்டத்தை வீணாக்க வேண்டாம், இதை மடித்து அதிலேயே வைக்கலாம். சாமியாரிடம் சொல்லி ஞாயிறு ஓலையை நிறுத்தி வையுங்கள். மூன்று ஞாயிறு வாசிப்பதே, தடை தெரிந்தவர்கள் சொல்வதற்காகத்தான். அந்தத் தடை நான்தான் என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். நிறுத்த முடியாமல் போனால், பூசையில் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை எழுப்பவும் எனக்குத் தயக்கம் இல்லை, சபாநாயகரிடம் எழுப்பிப் பழக்கம் உண்டு. மற்றபடி முறை சரி, கோயில் சட்டத்திலும் தடையில்லை, இரு தரப்பும் பழக்கமானவர்கள். இந்த விஷயம் தங்கள் மேலான பரிசீலனையில் சாதகமாக முடியும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. சாதகமாக முடியாத எதையும் நான் கடிதத்தில் எழுதுவதில்லை.

வீட்டில் எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். பெரியவர்கள் ஆசீர்வாதம் கொடுத்து முடிப்பது வழக்கம். இது சின்னவன் எழுதும் கடிதம் என்பதால் அந்த ஆசீர்வாதத்துக்கு இதன் மூலம் விண்ணப்பிக்கிறேன். முழங்காலுக்கு ஏலாதி எண்ணெய் வேண்டாம், முறிவெண்ணெய் போடுங்கள், வருகிறபோது கொண்டுவருகிறேன்.

தங்கள் பணிவுள்ள,
ரிஜின், எம்.எல்.ஏ.
(முத்திரை)

நகல்: பங்குச் சாமியாருக்கு, தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும். திரு. டிஜோவுக்கு, வருத்தத்துடன். அம்மாவுக்கு, தகவலுக்காக மட்டும். கோப்புக்கு.

பின்குறிப்பு, சனிக்கிழமை: மாமா, மேலே உள்ளதை நேற்றே எழுதி முடித்துவிட்டேன், இன்று காலை ஆள் மூலம் கொடுத்தனுப்புவதாக இருந்தேன். அதற்குள் பொதுமக்கள் நாள் ஆரம்பித்துவிட்டது. டோக்கன் ஒன்று, பின்சி. முதல் டோக்கன் வாங்க வேண்டுமென்றால் ஆறு மணி ஜீப்பைப் பிடித்திருக்க வேண்டும். "என் மனு என்னாச்சு சார்" என்று கேட்டாள். நான் எழுந்து நின்றேன். உரிய நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று சொல்லி, பெருமையாகவே, இந்த ஆறு பக்கத்தையும் அவள் கையில் கொடுத்தேன்.

அவள் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஜிபி இரண்டு முறை கதவைத் திறந்து மூடினான். போன் அடித்தது, நான் எடுக்கவில்லை. டிஜோ பற்றிய இடத்தில் நிமிர்ந்து, "டிஜோகிட்ட நான் புதன்கிழமையே பேசிட்டேன். அவருக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவங்க கொயர்ல பாடுற நிமிய அவருக்குப் பிடிச்சிருக்காம், உங்க லெட்டரப் பாத்துப் பயந்துதான் வீட்டுல சரின்னுருக்கார். நிமி அப்பாவுக்கு ஒரு சிபாரிசு வேணும்னு கேட்டார். தயவுசெஞ்சு குடுத்துராதீங்க" என்றாள். கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள். எதையோ தேடுகிற மாதிரி விரலை வரி வரியாக வைத்துக்கொண்டே வந்தாள்.

பிறகு, "அத்தான்" என்றாள். "பதினோரு விளக்கு இருக்கு. ஆறு ஷெட் இருக்கு. வெளிநடப்பு இருக்கு. முறிவெண்ணெய் இருக்கு. என்னைக் கட்டிக்க விருப்பம்னு இதுல எங்க இருக்கு? அப்பாகிட்டக் கேட்டிருக்கீங்களா? என்கிட்டயாவது என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

அவளிடமிருந்து வாங்கி நானும் வாசித்துப் பார்த்தேன். இல்லை, மாமா. மேற்படி விஷயம் என்று இருக்கிறது, பரிசீலனை என்று இருக்கிறது, நான் தடை என்றுகூட இருக்கிறது. அது மட்டும் இல்லை. பன்னிரண்டு வருடமாக இல்லை.

அங்கேயே கேட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பது பதிவேட்டில் இல்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. போகும்போது, "இத அனுப்புங்க, கிழிச்சுராதீங்க. வரப் போறவரு எப்படிப்பட்ட ஆளுன்னு அப்பாவுக்கும் தெரியணும்ல. ஆனா கடைசில நீங்களா நாலு வரி எழுதுங்க. எண் போடக் கூடாது, முத்திரை வைக்கக் கூடாது" என்றாள். நாளைக் காலை பூசைக்கு முன்னால் நானும் அம்மாவும் அங்கே வருவோம், ஜிபி இல்லாமல், எஸ்டேட் ஜீப்பில். அதுவரை மேலே உள்ள ஆறு பக்கத்தையும் எழுதாததாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளது மட்டும்தான் கடிதம்.

மாமா, எனக்குப் பின்சியை ரொம்பப் பிடிக்கும். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன். எனக்குத் தருவீர்களா? தாமதமாகக் கேட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரிஜின்

நகல்: யாருக்கும் இல்லை.